ரூபி இன்டர்வியூவா? ஆப்ஜெக்டுக்கு மேலேயும் ஒரு படி ஏறிப் பாருங்கள்

பெங்களூரில் ரூபி என்ற புரோகிராமிங் மொழியில் வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ரூபியில் வெப்சைட் கட்டப் பயன்படும் ரெயில்ஸை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு, ரூபி வரிகளைத் தட்டியதும் விடை காட்டும் ஐ.ஆர்.பி.யைத் திறந்து, மொழியின் எல்லா கிளாசுக்கும் மேலே இருக்கும் வேர் கிளாஸைத் தோண்டுங்கள். நான் போன டெக்னிக்கல் ரவுண்டுகளில் பல கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பின. இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது நானும் அங்கேதான் தொடங்குகிறேன்.

பெங்களூர் மடிவாளாவில் பி.ஜி. விடுதியில் தங்கி வேலை தேடும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாக் இன்டர்வியூவுக்கு வருவார்கள். "எல்லா கிளாசுக்கும் மேல என்னப்பா இருக்கு?" என்று கேட்டதும் திண்டுக்கல் பையன் ஒருவன் பட்டென்று, "ஆப்ஜெக்ட்தாண்ணா" என்றான்.

"அதோட சூப்பர்கிளாஸ், அதாவது அதோட தாய் கிளாஸ், என்னன்னு அதுகிட்டயே கேளு" என்றேன்.

தட்டினான். பேசிக்ஆப்ஜெக்ட் என்று வந்தது. அதன் சூப்பர்கிளாஸைக் கேட்டான். 'நில்' என்று வந்தது, அதாவது ஒன்றுமில்லை.

ரூபி 1.8 வரை ஆப்ஜெக்ட்தான் வேர், பேசிக்ஆப்ஜெக்ட் 1.9-இல் வந்தது. இன்றும் தாய் கிளாஸைக் குறிப்பிடாமல் எழுதினால் நம் கிளாஸ் ஆப்ஜெக்டின் கீழேதான் போய்ச் சேரும். அதனால்தான் பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து எழுத்துத் தொடருக்கான ஸ்ட்ரிங் கிளாஸிடம் 'ஆன்செஸ்டர்ஸ்', அதாவது அதன் முன்னோர் பட்டியல், கேளுங்கள். வெறும் ரூபி ஃபைலில் ஓட்டினால் ஸ்ட்ரிங், கம்பேரபிள், ஆப்ஜெக்ட், கெர்னல், பேசிக்ஆப்ஜெக்ட் என்று வரிசையாக வரும்; ஐ.ஆர்.பி.யில் நடுவில் வேறு மாட்யூல்களும் தெரியலாம். சூப்பர்கிளாஸ் வழியாக ஏறினால் கம்பேரபிளும் கெர்னலும் கண்ணில் படாது, ஏனென்றால் அவை கிளாஸ்கள் அல்ல, கிளாஸ்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் மெத்தட் தொகுப்புகளான மாட்யூல்கள். திரையில் அச்சிட நாம் தினமும் அடிக்கும் 'புட்ஸ்' இருப்பது கெர்னலில். இந்த ஒரு வரிசை மனதில் பதிந்துவிட்டால், ஒரு மெத்தடைக் கூப்பிட்டதும் ரூபி அதை எங்கெங்கே தேடுகிறது என்பதை எந்தக் கேள்வியிலும் தைரியமாக விளக்கலாம்.

சரி, ஆப்ஜெக்ட் இருக்கும்போது இன்னொரு வேர் எதற்கு? இந்தக் கேள்விக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். வருகிற அழைப்பையெல்லாம் வேறொரு ஆப்ஜெக்டுக்குக் கடத்திவிடும் ப்ராக்ஸி ஒன்றை, இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் ரூபி ஓட்டும் 'மெத்தட் மிஸ்ஸிங்' வைத்து எழுதுகிறோம் என்று வையுங்கள். அது ஆப்ஜெக்டிலிருந்து பிறந்தால், 'இன்ஸ்பெக்ட்', 'டு எஸ்', 'கிளாஸ்' எல்லாம் ஏற்கெனவே அதனிடம் இருக்கும். அந்த அழைப்புகள் கடத்தப்படவே மாட்டா. அந்தக் காலத்தில் தேவையில்லாத மெத்தடுகளை நீக்கிக் காலியான கிளாஸ் ஒன்றைத் தயாரிப்பார்கள். ஜிம் வெய்ரிச் எழுதிய பிளாங்க்ஸ்லேட் அப்படிப்பட்டது. அந்தத் தேவையை மொழியே ஏற்றுக்கொண்டதன் விளைவுதான் பேசிக்ஆப்ஜெக்ட். அதில் வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய (பப்ளிக்) மெத்தடுகள் 8 மட்டுமே.

இதைப் படித்துவிட்டு நகராதீர்கள், கையால் எழுதிப் பாருங்கள். பேசிக்ஆப்ஜெக்டிலிருந்து ஒரு ப்ராக்ஸி எடுத்து, மெத்தட் மிஸ்ஸிங்குக்குள் என்ன அழைப்பு வந்தது என்று காட்ட ஒரு புட்ஸ் போடுங்கள். 'ஸ்டாக் லெவல் டூ டீப்' என்ற எரர் விழும், அதாவது அழைப்பு முடிவில்லாமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. புட்ஸ் அங்கே இல்லாததால் அதுவும் மெத்தட் மிஸ்ஸிங்குக்கே போகிறது. உள்ளே மறுபடி புட்ஸ். 'கெர்னல்.புட்ஸ்' என்று மாற்றினால் அந்தப் பெயரே தெரியாது என்று நேம் எரர் வரும், ஏனென்றால் கெர்னல் என்ற பெயர் (கான்ஸ்டன்ட்) பதிந்திருப்பது ஆப்ஜெக்டில். கெர்னலுக்கு முன்னால் இரட்டை முக்காற்புள்ளி சேர்த்தால்தான் ஓடும். இந்த மூன்று கட்டத்தையும் ஸ்கிரீன் ஷேரில் செய்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிற ஆளை நான் விடவே மாட்டேன்.

கிளாசும் ஒரு ஆப்ஜெக்ட்தானே, அப்படியானால் விதை முந்தியா மரம் முந்தியா என்றும் கேட்பார்கள். கிளாஸின் சூப்பர்கிளாஸ் மாட்யூல், அதற்கு மேல் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்டின் கிளாஸோ கிளாஸ். சி மொழியில் எழுதப்பட்ட எம்.ஆர்.ஐ. (ரூபியை ஓட்டும் மூல இன்டர்ப்ரெட்டர்) தொடங்கும்போது பேசிக்ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், மாட்யூல், கிளாஸ் நான்கையும் முதலில் உண்டாக்கிவிட்டு, 'உன் கிளாஸ் இது' என்ற சுட்டியை அப்புறம் பொருத்துகிறது. இந்தப் பதில் போதும், வட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

பைத்தான் தெரிந்தவர்கள் அங்குள்ள 'ஆப்ஜெக்ட்', 'டைப்' ஜோடியை ஒப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அங்கே கெர்னல் மாதிரி நடுவில் மாட்யூல் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் தயாராகாத ஒரு கேள்வி: எந்தக் கிளாசுக்குள்ளும் இல்லாமல் ஃபைலில் நேரடியாக 'டெஃப்' எழுதினால் அந்த மெத்தட் எங்கே போகிறது? ஆப்ஜெக்டில் பிரைவேட் மெத்தடாக. அதனால்தான் அதே ஃபைலில் நீங்கள் எழுதும் எந்தக் கிளாஸின் மெத்தடுக்குள்ளிருந்தும் அதைக் கூப்பிட முடிகிறது, பேசிக்ஆப்ஜெக்டிலிருந்து நேரடியாக எடுத்த கிளாசுக்குள்ளிருந்து மட்டும் முடிவதில்லை.