புளிப்பில் தொடங்கும் ஒயின்

2020 பிப்ரவரியில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய திராட்சைத் தோட்டத்தின் ஆலைக்கூடத்தில், எஃகுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து பிடித்த கால் கோப்பை ஒயினை முதன்முதலாகச் சுவைத்தேன். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அக்டோபர் மழைக்கு நடுவே நானும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து குலை குலையாக வெட்டிக் கூடையில் போட்ட ஷார்டனே திராட்சைதான் அப்படி ஒயினாகி நின்றது. வாயில் வைத்த கணமே பல் கூசியது. புளியங்காயைக் கடித்தால் தாடை இரண்டும் இறுகுமே, அந்த இறுக்கம். பழுதாகிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தபோது, ஆலையின் பொறுப்பாளர் தம் கோப்பையை விளக்கொளியில் பிடித்தபடி மிகுந்த நிறைவோடு தலையசைத்துக்கொண்டிருந்தார். இந்தப் புளிப்பு இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் என்னை மீண்டும் மீண்டும் அந்தத் தோட்டத்துக்கு இழுத்தது.

தமிழில் புளித்தல் என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காய் புளிக்கிறது, இரவில் கரைத்து வைத்த மாவும் புளிக்கிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கிய பனஞ்சாறு புளித்து நுரைத்துக் கள்ளாவதும் நமக்குத் தெரிந்ததே. அந்தத் தோட்டத்தாரைப் போலக் குமிழி பொங்கும் நுரை ஒயின் செய்பவர்களுக்கோ இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள். பழத்தின் புளிப்பைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். ஈஸ்ட் செய்யும் புளிக்கவைத்தலை, அதாவது நொதித்தலை, ஒருமுறை அல்ல, இருமுறை நடத்த வேண்டும். இரண்டாவது முறை அது நடக்கும் இடம் பெரிய தொட்டி அல்ல, நாம் வாங்கிக் குடிக்கும் அதே பாட்டில். இதைத்தான் 'பாரம்பரிய முறை' என்கிறார்கள். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதி இதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. இத்தாலியின் புரோசெக்கோ என்ற நுரை ஒயின் பெரும்பாலும் மூடிய தொட்டியில் நுரைக்கவைக்கப்படுவது. அது வேறு வழி, வேறு சுவை.

புளிப்பு ஏன் வேண்டும்? திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். சாதாரண ஒயினுக்கு நன்றாகப் பழுத்த பழம் நல்லது. நுரை ஒயினுக்கு முதல் நொதித்தலில் 10.5 அல்லது 11 விழுக்காடு ஆல்கஹால் வந்தால் போதும். ஏனெனில் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல் இன்னும் ஒன்றேகால் விழுக்காட்டைச் சேர்த்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்த ஒயின் நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகிறது. அத்தனை காலமும் அதைத் தளராமல் நிறுத்துவது அமிலம்தான். ஷாம்பெய்னின் தலைநகர்களான ரான்ஸ், எப்பர்னே ஊர்கள் ஏறத்தாழ 49 பாகை வடக்கில் உள்ளன. சசெக்ஸ் 51 பாகையை ஒட்டி நிற்கிறது. திராட்சை பழுக்குமா பழுக்காதா என்ற விளிம்பு அது. அந்த விளிம்பின் குறையைத்தான் இங்கே மூலதனமாக்கியிருக்கிறார்கள்.

இந்தத் துணிவை முதலில் பெரிய அளவில் காட்டிய எஸ்டேட் மேற்கு சசெக்ஸின் நைட்டிம்பர். 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே பெயர் வரும் பழைய பண்ணை அது. சிகாகோவிலிருந்து வந்த ஸ்டூவர்ட் மாஸ், சாண்டி மாஸ் என்ற தம்பதியர் அங்கே 1988-இல் ஷார்டனே, பினோ நுவார், பினோ முனியே என்ற மூன்று வகைகளை நட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் இருந்த திராட்சைத் தோட்டங்கள் பலவும், குளிரிலும் விரைவாகப் பழுக்கும் ஜெர்மானிய வகைகளை நம்பியே இருந்தன. ஆப்பிள் நட வேண்டிய மண் என்று மற்றவர்கள் கருதிய இடத்தில் ஷாம்பெய்னின் மூன்று வகைகளையும் நட்டு, நுரை ஒயின் மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தவர்களை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. முதல் ஒயினுக்கான அறுவடை 1992-இல் நடந்தது. அந்த ஒயின் 1997-இல் லண்டனின் பன்னாட்டு ஒயின் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது. 2006-இல் எஸ்டேட்டை எரிக் ஹீரமா வாங்கினார். அடுத்த ஆண்டு கனடாவைச் சேர்ந்த ஷெரி ஸ்பிரிக்ஸ் ஒயின் தயாரிப்பின் பொறுப்பை ஏற்றார். 2018-இல் இன்டர்நேஷனல் ஒயின் சேலஞ்ச் என்ற போட்டி, ஆண்டின் சிறந்த நுரை ஒயின் தயாரிப்பாளர் விருதை அவருக்கு வழங்கியது. ஷாம்பெய்னுக்கு வெளியே உள்ள ஒருவருக்கும், ஒரு பெண்ணுக்கும் அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

அந்த விருதைவிடவும் என்னை நெகிழவைத்தது 2012-இல் நைட்டிம்பர்காரர்கள் எடுத்த முடிவு. அந்த ஆண்டின் கோடை மழையிலும் குளிரிலும் கழிந்தது. கொடியில் தொங்கிய பழம் தங்கள் தரத்துக்குத் தேறாது என்று கண்டு, அந்த ஆண்டு ஒரு பாட்டில்கூடச் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். புளிப்பு வேண்டும் என்பதற்காகப் பழுக்காத காயைப் பிழிந்துவிட முடியாது. சுவையும் மணமும் முதிர்ந்திருக்க வேண்டும், அமிலமும் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் சந்திப்பதற்காகத்தான் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள்.

2015-இல் ஷாம்பெய்னின் தெத்தென்ஜே நிறுவனம் கென்ட் பகுதியின் சில்லம் ஊரில் நிலம் வாங்கி, 2017-இல் கொடிகளை நட்டது. பூமி சூடாவதை முன்னிட்டுப் பிரெஞ்சுக்காரர்களே வடக்கே நகர்கிறார்கள் என்று அப்போது பலரும் எழுதினார்கள். அதில் உண்மை உண்டு. தென்கிழக்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறை கடலுக்கு அடியில் சென்று மறுகரையில் பிரான்சில் தலைகாட்டுவதும் உண்மை. ஆனால் நைட்டிம்பரின் முதல் கொடிகள் வேர்விட்டது சுண்ணப்பாறையில் அல்ல, பசுமணல் என்று அழைக்கப்படும் மண்ணில். எனவே எல்லாப் பெருமையையும் சுண்ணாம்புக்கே கொடுத்துவிடும் பேச்சை நான் முழுமையாக ஏற்பதில்லை.

பறிப்பது கையால்தான். குலை சிதையாமல் பிழிபொறிக்கு வந்து சேர வேண்டும். ஏனெனில் பினோ நுவாரும் முனியேவும் கருந்திராட்சைகள். நிறம் தோலில்தான் இருக்கிறது. தோல் கிழிந்து ஊறினால் வெள்ளை ஒயின் கிடைக்காது. காம்போடு முழுக் குலையாகப் பொறியில் நிரப்பி, மெல்ல மெல்ல அழுத்துகிறார்கள். ஷாம்பெய்னின் சட்டம் 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. அதிலும் முதலில் ஒழுகும் 2,050 லிட்டரே முதல் தரம். நான் பார்த்த தோட்டத்திலும் முதற்சாறு தனியாகவும் பின்சாறு தனியாகவும் வேறு வேறு தொட்டிக்குப் போயின. ஒழுகும் சாற்றை நிமிடத்துக்கொருமுறை சுவைத்துப் பார்த்து, இனிப்பும் புளிப்பும் தளர்ந்து துவர்ப்பு எட்டிப் பார்க்கும் நொடியில் குழாயைத் திருப்பிவிட்டார் பொறுப்பாளர். அளவுக்கருவி கையில் இருந்தும் அவர் நம்பியது தம் நாக்கைத்தான்.

பாட்டிலில் ஒயினை மீண்டும் நொதிக்கவைப்பதற்குப் பாட்டில் தாங்க வேண்டுமே. இந்த இடத்தில் இங்கிலாந்துக்கு ஒரு நியாயமான உரிமை உண்டு. கப்பல் கட்ட மரம் தேவைப்பட்டதால், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று 1615-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஆணையிட்டார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. அதன் கடும் வெப்பத்தில் தடித்த, வலிய கண்ணாடி பிறந்தது. 1662 டிசம்பரில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற மருத்துவர், லண்டன் ஒயின் வணிகர்கள் ஒயினைத் துடிப்பாகவும் நுரைப்பாகவும் ஆக்குவதற்குச் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்க்கிறார்கள் என்று ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் அறிவித்தார். நுரை ஒயினைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் நம்பும் டோம் பெரினியோன் என்ற துறவி ஓவில்லே மடத்துக்கு வந்ததே 1668-இல். அவர் ஒயினில் குமிழி வராமல் தடுக்கவே பாடுபட்டார். ஆயினும் யார் முதலில் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. சர்க்கரை சேர்த்துக் குமிழி வரவழைப்பது பாதி வேலைதான். அதற்குப் பின் உள்ளே தங்கிவிடும் வண்டலை வெளியேற்றும் வித்தை மறுபாதி. அது ஷாம்பெய்ன்காரர்களின் கொடை.

நான் பல் கூசச் சுவைத்த அந்த ஒயினை வசந்த காலத்தில் மற்றத் தொட்டிகளின் ஒயின்களோடு கலந்து, லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையும் புதிய ஈஸ்டும் சேர்த்துப் பாட்டில்களில் நிரப்பினார்கள். மூடியது தக்கையால் அல்ல. சோடா பாட்டிலுக்குப் போடுவது போன்ற தகர மூடியால். பிறகு அவற்றை நிலவறையில் படுக்கவைத்து அடுக்கிவிட்டார்கள். ஆறேழு வாரங்களில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்கும். வெளியேற வழியில்லாத கரியமிலவாயு ஒயினிலேயே கரையும். உள்ளே உருவாகும் அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம், அதாவது கார் சக்கரத்தில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஈஸ்டின் உணவு தீர்ந்ததும் அது செத்து, பாட்டிலின் பக்கவாட்டில் சாம்பல் நிற வண்டலாகப் படிகிறது. வேறெந்தச் சமையலிலும் கசடு என்று கொட்டிவிடும் பொருள் அது. இங்கே அதுதான் ஆசான். செத்த ஈஸ்டின் செல்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, புரதக் கூறுகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் ஒயினுக்குள் கசிகின்றன. அடுமனையிலிருந்து வரும் ரொட்டி மணமும், வறுத்த பருப்பின் மணமும், வாயில் பாலாடை போன்ற மென்மையும் அதிலிருந்தே பிறக்கின்றன. இதற்குக் காலம்தான் வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. ஷாம்பெய்னில் ஆண்டு குறிப்பிடாத ஒயின் பாட்டிலில் நிரப்பியதிலிருந்து குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறிப்பிட்ட ஒயின் 3 ஆண்டுகளும் நிலவறையில் கிடக்க வேண்டும். நாங்கள் பறித்த 2019 ஒயின் மூன்றரை ஆண்டுகள் கிடந்தது. அதற்கிடையே நாட்டில் என்னென்னவோ நடந்தது. நிலவறைக்குள் எப்போதும் போல 11 பாகைக் குளிரும் இருட்டும்தான்.

2023 நவம்பரில் போனபோது, அந்தப் பாட்டில்கள் கழுத்தை நுழைக்கும் துளைகள் கொண்ட சாய்வுப் பலகைகளில் நின்றன. இந்தப் பலகையின் கதை ரான்ஸ் நகரத்தின் ஓர் இளம் விதவையிடம் போய்ச் சேரும். 1805-இல், 27 வயதில் கணவரை இழந்து வணிகத்தைத் தானே ஏற்று நடத்திய பார்ப்-நிக்கோல் கிளிக்கோ, 1816 வாக்கில் தம் ஆட்களோடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கினார். பாட்டிலை நாள்தோறும் சிறிது குலுக்கி, எட்டில் ஒரு பங்கு திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக நிமிர்த்தினால், பக்கத்தில் ஒட்டிய வண்டல் முழுவதும் கழுத்தில் இறங்கி மூடிமேல் அமரும். இதை ரிட்லிங் என்கிறார்கள். தேர்ந்த கைகள் ஒரு நாளில் 40,000 பாட்டில்கள் வரை திருப்பும். இப்போது பெரும்பாலான இடங்களில் 500 பாட்டில் கொண்ட கூண்டை இயந்திரமே திருப்பி, ஐந்தாறு வாரத்து வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது; ஒயினின் சுவையில் அதனால் குறைவேதும் நான் கண்டதில்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்தில் சில நூறு பாட்டில்களைக் கையால்தான் திருப்பினார்கள், எனக்கும் ஒரு வரிசை தந்தார்கள். இரு கைகளிலும் இரண்டு பாட்டில்கள். அடிப்பாகத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு. சட்டென்று ஓர் அசைவு, ஒரு சிறு திருப்பு, துளையில் கண்ணாடி மரத்தைத் தட்டும் ஒலி. அறுபதாவது பாட்டிலை எட்டும்போது மணிக்கட்டு கனத்திருந்தது.

வண்டலை வெளியேற்றுவதற்கு வழக்கமான வழி, பாட்டிலின் கழுத்தை உறைநிலைக்கு 25 பாகைக்கும் கீழே குளிர்ந்த உப்புக் கரைசலில் வைப்பது. வண்டலோடு சேர்ந்து சிறு பனிக்கட்டி உறையும். மூடியைத் தட்டினால் உள்ளழுத்தமே அதைத் தள்ளிவிடும். பொறுப்பாளர் எங்களுக்காக ஒரு பாட்டிலை உறையவைக்காமல் பழைய முறையில் திறந்து காட்டினார். தடித்த தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தலைகீழாகப் பிடித்த பாட்டிலை மெல்ல உயர்த்தினார். உள்ளிருந்த காற்றுக்குமிழி கழுத்தை நோக்கி ஏறியது. அது வண்டலைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னதாக மூடியைத் தட்டினார். கலங்கல் சீறிப் பீப்பாய்க்குள் பாய்ந்தது, கட்டைவிரல் வாயை அடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒயின் பளிங்கு. அறை முழுவதும் புது ரொட்டியின் மணம். போனது ஒரு வாய் ஒயின்கூட இருக்காது.

எஞ்சியது டோசாஜ். வெளியேறிய அளவை ஈடுசெய்ய, ஒயினில் கரைத்த சர்க்கரையைச் சிறிது ஊற்றித் தக்கை அடைக்க வேண்டும். லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாக இருந்தால்தான் லேபிளில் புரூட், அதாவது இனிப்பு குறைந்தது, என்று போடலாம். மேசையில் ஐந்து கோப்பைகள் வரிசையாக வைக்கப்பட்டன: சர்க்கரையே இல்லாதது, 3 கிராம், 5 கிராம், 7 கிராம், 9 கிராம். ஒன்பதில் ஆப்பிளின் மணம் அமுங்கிவிட்டது. ஏழு இதமாக இருந்தது, ஆனால் முடிவு மழுங்கியிருந்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு ஐந்து என்று முடிவாகி, குறிப்பேட்டில் எழுதினார்கள். மற்றவர்கள் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தபோது, சர்க்கரை சேர்க்காத கோப்பையை மட்டும் நான் கேட்டு வாங்கி மீண்டும் ஒருமுறை குடித்தேன். ரொட்டி மணத்துக்கும் நுரைக்கும் பின்னால், மூன்றே முக்கால் ஆண்டுகளுக்கு முன் தாடையை இறுக்கிய அந்தப் புளியங்காய்ப் புளிப்பு அப்படியே நின்றது.