இரவுக்கழுகாரின் இரண்டு உடைகள்

சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் வழியாகத்தான் எனக்கும் இத்தாலியக் கௌபாய் சித்திரக்கதை நாயகர் டெக்ஸ் வில்லர் அறிமுகமானார். அவரை 'இரவுக்கழுகார்' என்றும், அவருடைய நண்பர் கிட் கார்சனை 'வெள்ளிமுடியார்' என்றும் உரிமையோடு அழைத்துப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சிறுவயதில் துப்பாக்கிச் சண்டைக்காக மட்டுமே வாசித்த அந்தக் கதைகளை அண்மையில் மீண்டும் எடுத்து வாசித்தபோது, இந்த மனிதர் உண்மையில் எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

இத்தாலியில் 1948 செப்டம்பர் 30 அன்று முதல் இதழ் வெளிவந்தபோது டெக்ஸ் சட்டத்தால் தேடப்படும் மனிதர். எழுத்தாளர் ஜியான் லூய்ஜி பொனெல்லி அவருக்கு முதலில் வைத்த பெயரே டெக்ஸ் கில்லர். பதிப்பகத்தை நடத்திய தேயா பொனெல்லிதான் கொலையைச் சுட்டும் அந்தச் சொல்லை வில்லர் என்று மாற்றினார். அவுரேலியோ கலெப்பினி வரைந்த அந்த முகம் பின்னர் டெக்ஸாஸ் மாநிலக் காவல் படையைச் சேர்ந்த ரேஞ்சரின் முகமாயிற்று. அதே முகம் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் தலைவர் முகமாகவும் ஆயிற்று.

அந்த மாற்றம் ஒரு திருமணத்தால் நிகழ்கிறது. நவஹோக்களிடம் சிறைப்பட்டுக் கம்பத்தில் கட்டப்பட்டுச் சாவை எதிர்நோக்கி நிற்கும் டெக்ஸைத் தலைவரின் மகள் லிலித், "இவரை நான் மணக்கிறேன்" என்று சொல்லி உயிரோடு மீட்கிறாள். உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடாகத் தொடங்கிய அந்த உறவு அன்பாக மாறுகிறது. மாமனாருக்குப் பிறகு தலைமையும் டெக்ஸிடம் வருகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அவர் வீட்டோடு மாப்பிள்ளை. இந்தச் சொல் இங்கு ஆழமாகப் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. ஏனெனில் தம்மை 'தினே' என்று அழைத்துக்கொள்ளும் நவஹோக்கள் தாய்வழிச் சமூகத்தினர். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும், திருமணமான ஆண் பெரும்பாலும் மனைவியின் தாய்வீட்டாருக்கு அருகில் போய்க் குடியிருப்பான். அந்த முறைப்படி பார்த்தால், டெக்ஸின் மகன் கிட் பிறப்பால் முழு நவஹோ; தலைவராக இருக்கும் தந்தையோ என்றைக்கும் மணவழியில் வந்தவர். பொனெல்லி இதை அறிந்து எழுதினாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பேன். அவருடைய நவஹோக்கள் தங்கள் மரபு வீடான ஹோகன்களில் வாழாமல் சமவெளிப் பழங்குடியினரைப் போலக் கூடாரங்களில் வாழ்கிறார்கள். டெக்ஸ் நெற்றியில் கட்டும், சிப்பி மணிகள் கோத்த வாம்பம் பட்டையும் கிழக்குக் காட்டுப் பழங்குடிகளுக்கு உரியது.

லிலித்தின் மரணம்தான் இந்தத் தொடரிலேயே என்னை அதிகம் வருத்திய பகுதி. பெரியம்மைக் கிருமி படிந்த போர்வைகளை வெள்ளை வணிகர்கள் தெரிந்தே விற்க, ஊரே நோயில் விழுந்து அவளும் இறந்துபோகிறாள். இதற்கு வரலாற்றில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1763-இல் பிட் கோட்டையிலிருந்த பிரிட்டிஷார், பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் பழங்குடித் தூதர்களிடம் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்து அனுப்பினார்கள். டெக்ஸ் அந்த வணிகர்களைத் தேடிச் சென்று பழிதீர்க்கிறார். மனைவியைக் கொன்றவர்கள் தம் இனத்தவர் என்ற எண்ணம் அவரைத் தம் இனத்தின்மீதே கசப்புக் கொள்ளச் செய்திருக்கலாம். கதையோ குற்றத்தைச் சில தீயவர்களின் தலையில் வைத்து முடித்துவிடுகிறது.

அதன் பின்னரும் அவர் ரேஞ்சராகவே தொடர்கிறார். அதைவிட வியப்பானது, நவஹோக்களின் தலைவராக இருக்கும் அவரே அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்துக்கு அமெரிக்க அரசு நியமித்த முகவராகவும் இருப்பது. ஒரு மக்களுக்காக அரசிடம் கேட்பவரும், அரசின் சார்பில் அந்த மக்களுக்குப் பதில் சொல்பவரும் ஒரே ஆள். இந்த நெருக்கடியை நேராகத் தொட்ட கதை 1960-களில் வந்தது. ஓடும் ரயிலிலிருந்து வெள்ளையர் சிலர் வேடிக்கைக்காக இரண்டு நவஹோ இளைஞர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள், நீதி மறுக்கப்படுகிறது, டெக்ஸ் தோல் உடை அணிந்து, தம் மக்களைத் திரட்டி, அமெரிக்க ராணுவத்தையே எதிர்த்துக் கிளம்புகிறார். ஆனால் எதிரில் இருப்பவர்களைக் கொல்லாமல் போரிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உண்மையை வெளியே கொண்டுசெல்லச் செய்தித்தாளின் துணையையும் நாடுகிறார். இரு பக்கத்துக்கும் கடன்பட்ட ஒருவர் வேறெப்படிப் போரிட முடியும்? இருக்கும் டெக்ஸ் கதைகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

என் மனம் ஒப்பாத இடம் வேறொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய கதையில், டெக்ஸாஸ் மாநிலம் தெற்கோடு நின்றபோதும், அடிமை முறையை ஏற்காத டெக்ஸ் வடக்கின் படைக்கு வழிகாட்டியாகச் செல்கிறார். பிறந்த மண்ணையே மறுத்து எடுத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அதே போர் ஆண்டுகளில், அதே வடக்கின் சீருடையில், ஜெனரல் கார்ல்டனின் ஆணைப்படி நவஹோக்களின் சோளக்கொல்லைகளை எரித்து, ஆடுகளைக் கொன்று, பட்டினியால் அவர்களைப் பணியவைத்தவர் கர்னல் கிட் கார்சன் என்ற உண்மை மனிதர். நவஹோக்களின் கன்யோன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் பழமரங்களும் வெட்டப்பட்டன. 1864 முதல் 8,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடத்திக் கொண்டுசெல்லப்பட்டு, பெக்கோஸ் ஆற்றங்கரையில் போஸ்கே ரெடோண்டோவில் அடைக்கப்பட்டனர். குடிக்க உவர் நீரும் போதாத உணவுமாக இருந்த அந்த இடத்தில் ஏராளமானோர் மாண்டார்கள். 1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகே மீதமிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னர், மே 23-இல், கார்சன் இறந்திருந்தார்.

கதையில் அதே பெயர் கொண்ட கார்சன்தான் இரவுக்கழுகாரின் உயிர்த்தோழர். வறுத்த இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏங்கும், வாய் ஓயாமல் குறைபட்டுக்கொள்ளும் நம் வெள்ளிமுடியார். அவரை நேசிப்பதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆயினும் பீச் மரங்கள் நின்ற அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு இரவு இவர்கள் முகாமிடுவதாக ஒரு கதையை யாரேனும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். வடக்கின் படைக்கு வழிகாட்டிய டெக்ஸ் ஒருபுறமும் கார்சன் மறுபுறமும் அமர்ந்திருக்க, எப்போதும் நான்கு சொற்களுக்கு மேல் பேசாத நவஹோ வீரர் டைகர் ஜாக், அந்த நெடுநடையில் தன் வீட்டாரில் யார் யாரை இழந்தார் என்பதை அன்று முழுவதுமாகச் சொல்ல வேண்டும்.