பழுப்புத் தண்ணீரும் அரிஸ்டாட்டிலும்

ஒரு டம்ளரில் எங்கள் அடிபம்புத் தண்ணீர், இன்னொன்றில் ஃபில்டர் விற்க வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் கம்பி விட்டு ஸ்விட்சைப் போட்டார். இரண்டே நிமிடத்தில் எங்கள் டம்ளர் பழுப்பாகிக் கசடு மிதந்தது, அவருடையது அப்படியே இருந்தது. "அய்யய்யோ, இவ்ளோ அழுக்கையா குடிச்சிட்டிருந்தோம்?" என்றாள் அம்மா. அவர் வாயே திறக்கவில்லை. போச்சு, 14,000 ரூபாய்.

ஒரு வருடம் கழித்து மாலை வகுப்பில் பேச்சுக்கலை பாடம் வந்தது. 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று அண்ணா பேச்சைக் கேட்ட ராயபுரம் எங்களுக்குப் பக்கத்துப் பேட்டை, எனக்குப் போய் பேச்சைப் பற்றிப் பாடமா என்ற திமிரோடுதான் உட்கார்ந்தேன். ஒரு விளம்பரத்தை அலசச் சொன்னார்கள். இது ஈதோஸ் (பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை), இது பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), இது லோகோஸ் (வாதம்) என்று வரிக்கு வரி அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். "பேர் வெச்சாச்சு, அது என்ன வேலை செய்யுது?" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது.

சரி என்று ஃபில்டர்காரரையே எடுத்துக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நானும் காசிமேடுதாம்மா" என்றார். பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை அவருடைய பழைய பேரால் வருவதை விட அந்தப் பேச்சிலேயே பிறக்க வேண்டும் என்பார் அரிஸ்டாட்டில், இங்கே அதற்கு ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது. அப்புறம் அக்கா குழந்தையின் பால்பாட்டிலைப் பார்த்து, "பாப்பாவுக்கும் இதே தண்ணிதானா?" பயமுறுத்தவில்லை, கேள்விதான் கேட்டார்.

டம்ளர்தான் என்னை ரொம்ப நாள் குடைந்தது, ஏனென்றால் அதைப் பச்சையான அறிவியல் என்றே நம்பியிருந்தேன். விஷயம் என்னவென்றால் அந்தக் கம்பி இரும்பு. சாதாரணத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைந்து துருவாகிறது. ஃபில்டர் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கம்பி சும்மா கிடக்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். பழுப்பு வந்தது கம்பியிலிருந்து. எங்கள் பம்புத் தண்ணீர் நல்லது என்று சொல்லவில்லை, அதன் வாசனை தெருவுக்கே தெரியும், ஆனால் அது கெட்டது என்று அந்த டம்ளர் நிரூபிக்கவில்லை.

'பழுப்பு என்றால் அழுக்கு' என்று அவர் சொல்லவே இல்லை, சொன்னது அம்மா. வாதத்தில் ஒரு படியைச் சொல்லாமல் விட்டு, கேட்பவரே அதை நிரப்பிக்கொள்ள வைப்பதற்கு எந்திமீம் என்று பெயராம். அடுத்தவர் சொன்னால் சந்தேகப்பட்டிருப்போம், அம்மா தானே சொல்லிக்கொண்டதை யார் சந்தேகப்படுவது?

போன மாதம் சர்வீஸுக்கு வேறொரு பையன் வந்தான். அவனிடம் உப்பு, இரும்பு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவங்க வீடுன்னா தனிதாண்ணா, மத்தவங்க யாரும் இதையெல்லாம் கேட்கவே மாட்டாங்க" என்றான். இது எந்த வகை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டே ஒரு வருட சர்வீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.