ஓரியூரில் கடலாயியை நினைத்துக்கொண்டு

திருவாடானையைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பனையும்தான். பஸ் குலுக்கிய குலுக்கலில் அண்ணியின் ஜெபமாலை இரண்டு தடவை கீழே விழுந்தது. ஓரியூர் வந்ததும் எல்லோரும் போகிற இடத்துக்கே நாங்களும் போனோம்: செம்மண் எடுக்கிற இடத்துக்கு.

லிஸ்பனில் 1647-ல் பிறந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்து அருளானந்தர் ஆனவர். 1686-ல் பிடித்து அடித்து, இனி மறவர் சீமை என்ற இந்த ராமநாதபுரம் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஐரோப்பா போனவர், அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் இந்த ஊரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் வெகு முன்பே இந்தச் சீமைக்கு அவர் சாமியாகிவிட்டார்.

அப்போதுதான் மொட்டை போட்ட ஒரு குழந்தை, தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அதன் நெற்றியில் பாட்டி செம்மண்ணைக் குழைத்துப் பூச, கண்ணுக்குள் போய்விட்டது போல, சிணுங்கியது. பாட்டி நெற்றியில் பெரிய குங்குமம். “கோயிலுக்கு அடிக்கடி வருவீங்களாம்மா?” என்றேன். “அருளானந்தர் எங்க குலசாமி மாதிரி தாயி. வராம எப்படி?” மதங்களுக்கிடையே உறவு வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். பாட்டிக்கு மேடை தேவைப்படவில்லை.

ஆனால் அன்று என் மனம் முழுக்க வேறொரு பெண்தான் இருந்தாள். கடலாயி.

மறவர் தலைவர் தடியத்தேவர் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கோ பல மனைவியர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்றார் அருளானந்தர். அனுப்பப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவுக்காரி. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். மற்றதெல்லாம் கிடுகிடுவென நடந்தது.

சின்ன வயதிலிருந்து நான் கேட்ட பிரசங்கங்களில் இவளை ஏரோதியாவோடுதான் ஒப்பிடுவார்கள். பைபிளில் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டவைத்தவள் ஏரோதியா, அருளானந்தருக்குக் கடலாயி. எனக்கு இது ஒட்டவே இல்லை. ஏரோதியா கணவனை விட்டு அவன் சகோதரனோடு வாழப் போனவள். கடலாயி அந்தக் காலத்து வழக்கப்படி முறையாகத் தாலி கட்டிப் போனவள். புருஷன் மதம் மாறினான், அவள் வீட்டை இழந்தாள். அவள் என்ன தப்பு செய்தாள்? டிவி சீரியலில் இளைய தாரம் என்றாலே வில்லி, கண்ணை உருட்டப் பின்னணி இசை வேறு. நாமும் பீடத்தில் நின்று அதே சீரியலைத்தான் ஓட்டுகிறோம்.

அருளானந்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உயிர் போகும் என்று தெரிந்தே சொன்ன சொல்லில் நின்ற மனிதர் அவர். கதையைச் சொல்கிறவர்கள் மேல்தான் வருத்தம். 2021-ல் போப் பிரான்சிஸ், திருப்பலியில் பைபிள் வாசிக்கிற வாசகர் பணியைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். வாசகம் நாங்கள் வாசிக்கலாம். திருப்பலியில் பிரசங்கம் மட்டும் திருச்சபைச் சட்டப்படி குருவுக்கோ, அவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டருக்கோதான். கைவிடப்பட்ட மனைவியின் பக்கம் நின்று ஒரு வார்த்தை அங்கிருந்து வர இன்னும் எத்தனை காலமோ.

இதை அண்ணியிடம் சொன்னேன். “அதுக்காகச் சாமியைக் கொல்லச் சொல்றதா?”

“கொன்னது பாவம்தான் அண்ணி. அவ அழுதது பாவமா?”

அண்ணி பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவர். அங்கே யாரும் வந்து தடுக்கப் போவதில்லை. அருளானந்தர் பாடத்தில் கடலாயியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் தொண்டி வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம். ஏரோதியா ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடச் சம்மதித்தார். “மீதியை ஃபாதர்கிட்ட கேட்டுக்கிறேன்” என்றார்.