முதல் செமஸ்டரில் அரியரா? விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. மகள் முதல் செமஸ்டரில் விட்ட கணக்குத் தாளை (மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்) இந்த முறை எடுத்துவிட்டாள். இரண்டாம் செமஸ்டரிலும் எல்லாம் பாஸ். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, முதல் ரிசல்ட்டில் 'யு' (தேறவில்லை) என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்து ஆடிப்போகிற அப்பா அம்மாக்களுக்காக இது. என் மகள் படிப்பது 2021 விதிமுறையில். உங்கள் பிள்ளை வேறு விதிமுறையில் சேர்ந்திருந்தால் மார்க் கணக்கை மட்டும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவள். கட்ஆஃப் 200-இல் 100 கணக்குக்குத்தானே, அந்தக் கல்லூரி கிடைத்ததே கணக்கால்தான். அதே கணக்கில் அரியர் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஹாஸ்டல், செல்போன், சகவாசம் சரியில்லை. என் அண்ணன், "பக்கத்திலேயே ஆர்ட்ஸ் காலேஜில் போட்டிருக்கலாம்மா" என்று சொல்லியேவிட்டார். தேர்வில் அவள் என்ன எழுதினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

சரி, எழுதினதையே பார்த்துவிடுவோம் என்று விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். கல்லூரியில், "எதுக்கு வீண் செலவு, அடுத்த தடவை எழுதினா போச்சு" என்றார்களாம். நான் விடவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: மறுமதிப்பீடு போடுகிறீர்களோ இல்லையோ, நகலை வாங்குங்கள்.

இன்டக்ரேஷன் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, எங்கே பாதியில் நிற்கிறது என்பதைப் பார்க்க இன்டக்ரேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பகுதி அ-வில் இரண்டு மார்க் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். பகுதி ஆ-வில் முதல் இரண்டு யூனிட்டின் 13 மார்க் கேள்விகள் அழகாக, ஒரு படி விடாமல் இருந்தன. நான்காம் யூனிட் பாதியில் நின்றது. ஐந்தாம் யூனிட்டான மல்டிபிள் இன்டக்ரல்ஸில் ஒன்றுமே இல்லை. 15 மார்க் பகுதி இ-யில் கேள்வி எண்ணும் நான்கு வரியும். மொத்தம் 100-க்கு 42.

இங்கேதான் பெற்றோர் பலருக்கும் தெரியாத கணக்கு வருகிறது. இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 40, செமஸ்டர் தேர்வு 60, கூட்டி 50 வந்தால் பாஸ் என்றுதான் நினைக்கிறோம். அது மட்டும் போதாது. செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும். மகளுக்கு இன்டர்னல் 33. தேர்வில் எடுத்த 42-ஐ 60-க்கு மாற்றினால் சுமார் 25. கூட்டினால் 58 வருகிறது, ஆனாலும் யு! அவள் தவறியது வெறும் மூன்று மார்க்கில். காலியாக விட்ட அந்த ஐந்தாம் யூனிட்டில் சூத்திரமும் இரண்டு படியும் எழுதியிருந்தாலே போதும். நகலைப் பார்க்காமல் இருந்திருந்தால் 'எனக்குக் கணக்கே வராது' என்று அவளும், 'ஹாஸ்டல்தான் கெடுத்தது' என்று நாங்களும் நம்பிக்கொண்டே இருந்திருப்போம்.

ஏன் ஐந்தாம் யூனிட் காலி? அதைக் கேட்டபோதுதான் அவள் வாழ்கிற வாழ்க்கை எனக்குப் புரிந்தது. கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்குவதே தாமதம். கடைசி யூனிட்டுகள் ஓட்டமாக நடத்தப்படுகின்றன. அந்த நேரத்தில்தான் பைத்தான் லேப், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டுகள் எல்லாம் முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ரெக்கார்டு இல்லையென்றால் உடனே ஆள் கேட்பார்கள். கணக்கை யாரும் தினமும் கேட்பதில்லை. பள்ளியில் தினம் ஒரு டெஸ்ட் வைத்து விரட்டினார்கள். இங்கே விரட்ட ஆளில்லாத பாடம் தானாகப் பின்னால் போய்விடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை, துணி துவைப்பது முதல் எல்லாவற்றையும் புதிதாகப் பழகிக்கொண்டே இதையும் சமாளிக்கிறது.

அடுத்த தேர்வுக்கு நாங்கள் செய்தவை:

- நான்கு, ஐந்தாம் யூனிட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்தாள். தெரிந்த யூனிட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் சுகத்தை விட்டாள்.
- பகுதி அ-வுக்கு 25 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை.
- ஒவ்வொரு 13 மார்க் கேள்விக்கும் ஏறக்குறைய 23 நிமிடம். முடியாவிட்டால் இடம் விட்டு அடுத்ததற்குப் போவது.
- எந்தக் கேள்வியையும் காலியாக விடுவதில்லை.
- ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்துப் பழைய கேள்வித்தாள். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் போன் செய்யக் கூடாது, நான் உட்பட.

போனில் "படிச்சியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "எந்த யூனிட் நடக்குது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "ம்" என்றுதான் பதில் வரும். இரண்டாவதுக்கு என் மகள் பேச ஆரம்பித்தாள், நடுவில் மெஸ் சாப்பாடு, அறைத்தோழியின் காய்ச்சல் எல்லாம் தானாக வந்தது. அதிகம் பேசாத பிள்ளைகளிடம் இதை வற்புறுத்த வேண்டாம்.

வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதைச் சேர்த்த அன்றே சொல்லிவிடுங்கள். ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று பாதி வாரத்தில் கூப்பிட்டு அதைக் குறைப்பது பெரும்பாலும் நாம்தான்.

அப்புறம் இன்னொன்று. அரியர் தாளுக்கான இன்டர்னல் மார்க் அப்படியே தொடரும், ஆகவே முதல் தடவையே அதை நன்றாக எடுத்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. தவறியது எத்தனை மார்க்கில் என்று கணக்குப் போட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள். நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் ரிசல்ட் வந்தபின் சில நாட்கள்தான் அவகாசம், அதுவும் கல்லூரி வழியாகத்தான். ஆகவே திட்டுவதாக இருந்தாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத் திட்டுங்கள்.