மாடி ஜன்னலின் பழைய கதவுகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள பழைய வீடுகள் பலவும் கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடாகவும், மாடியில் வளைவு ஜன்னல்களும் சாய்வுப் பலகைக் கதவுகளுமாகப் பிரெஞ்சு வீடாகவும் நிற்பவை. என் தாய்வழிப் பாட்டனார் வீடும் அத்தகையதே. அதன் மாடியிலுள்ள ஆறு இணைக் கதவுகளையும் கழற்றிவிட்டு அலுமினியம் பொருத்தலாம் என்று சென்ற ஆண்டு வீட்டில் பேச்சு எழுந்தது. முகப்புகளைச் சீரமைத்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வைசியாள் வீதிக்கு மாமாவை அழைத்துச் சென்று காட்டிய பிறகுதான், முதலில் ஆசாரியைக் கேட்போம் என்று அவர் இசைந்தார்.

ஆசாரி ஒரு கதவைத் திண்ணையில் கிடத்தி, உளி முனையால் சட்டம் நெடுகக் குத்திப் பார்த்தார். மேற்சட்டத்தில் முனை இறங்கவேயில்லை. அடிச்சட்டம் பக்கச் சட்டத்தோடு சேரும் மூட்டில் மட்டும் விரற்கடை ஆழம் இறங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகைகளின் வழியே வடியும் நீர் அந்த மூட்டின் துளைக்குள் தங்கிவிடுகிறது. அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட் அதை உலர விடுவதில்லை. பன்னிரண்டு கதவுகளில் கரையான் அரித்து முற்றிலும் போனவை இரண்டே.

மற்ற பத்திலும் அழுகிய பகுதியை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய பழைய தேக்கை அதே சாய்வில் ஒட்டி, மர ஆணி அறைந்தார். அடிச்சட்டத்தின் மேல்விளிம்பு, நீர் தங்காதபடி வெளிப்புறம் சரிவாக இழைக்கப்பட்டது. உப்புக் காற்றில் துருவேறிய இரும்புக் கீல்களுக்குப் பதிலாகப் பித்தளைக் கீல்கள் வந்தன. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை எரிக்காமலும் உலர்ந்த நிலையில் தேய்க்காமலும், நனைத்துச் சுரண்டியே எடுக்கச் சொன்னேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

புதிதாகச் செய்த இரண்டு கதவுகளுக்கும் பழையதே அளவு: பலகையின் தடிமன், சாய்வு, இடைவெளி எதுவும் மாறவில்லை. சீரமைத்த சில வீடுகளில் ஜன்னலின் பாதி அகலங்கூட இல்லாத கதவுகளைச் சுவரோடு திருகி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வெயிலை மறைத்துக் காற்றை விடுவதற்காகப் பிறந்த கதவு அது. இரண்டையும் சேர்த்து மூடினால் ஜன்னல் முழுவதும் மறைய வேண்டும்.

கரையான் அரித்த இரண்டிலும் நல்ல பலகைகள் பதினேழு தேறின. அவற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, அடுத்த பழுதுக்கென்று பரணில் கட்டி வைத்திருக்கிறேன்.