டிஸ்பேஸ் புதிய பதிப்பு: அறிவிப்பைக் கீழிருந்து படித்தல்

எங்கள் கல்லூரி நூலகத்தின் மின்களஞ்சியம் டிஸ்பேஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. ஆய்வேடுகள், ஆண்டு மலர்கள், பழைய வினாத்தாள்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கொடுத்துவிட்டுப் போன கையெழுத்துக் குறிப்புகளின் ஸ்கேன் படிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைப் பராமரிப்பது என் வேலை. புதிய பதிப்பு வெளிவந்த செய்தி கிடைக்கும் நாளில் எங்கள் நூலகர் முதலில் கேட்பது, "இதுல நமக்குன்னு என்ன தம்பி புதுசா வந்திருக்கு?" என்பதுதான். அதற்கான விடை வெளியீட்டுக் குறிப்பின் மேற்பகுதியில் படங்களுடன் இருக்கும். நான் படிக்கத் தொடங்குவதோ அதன் கடைசிப் பகுதியிலிருந்து: ஜாவா என்ற நிரல்மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும், டிஸ்பேஸைத் தாங்கி ஓட்டும் டோம்கேட் என்ற சர்வர் மென்பொருளின் எந்தப் பதிப்பு வேண்டும், எந்தப் பழைய பதிப்புக்கு ஆதரவு நிற்கிறது, எவை நீக்கப்பட்டன. புதிய வசதிகள் ஓராண்டு காத்திருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இந்தக் கடைசிப் பகுதியை நான் கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் நூலகம்தான் விலை கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடி நூலகங்களும் ஹியூலட்-பேக்கர்டு ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்பேஸ் 2002 நவம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்காவும் இதன்மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் 1.1, 1.2 என்று போன எண்கள் 1.8 வரை வந்தன; அதற்குள் மென்பொருள் பெரிதும் மாறியிருந்தும் முன்னால் நின்ற ஒன்று அசையவேயில்லை. எனவே 2012-இல் அந்த முறையைக் கைவிட்டு நேரே 3.0 என்று வெளியிட்டார்கள். அன்றுமுதல் முதல் எண் மாறினால் பெரிய மாற்றம், கடைசி எண் மட்டும் மாறினால் பிழைத் திருத்தமோ பாதுகாப்புத் திருத்தமோ என்று ஓரளவு நம்பிப் படிக்கலாம். எல்லா மென்பொருளிலும் இந்த நம்பிக்கை செல்லாது. ஐலண்டோரா என்ற இன்னொரு மின்னூலக மென்பொருள், தான் சார்ந்திருந்த டுருபல் என்ற இணையதள மென்பொருளின் 7, 8 ஆகிய எண்களையே தனக்கும் வைத்துக்கொண்டது. டுருபல் 9 வந்ததும் அந்தப் பெயர் பொருந்தாமல் போகவே 2.0 என்று கீழே இறங்கியது. ஏழும் எட்டும் கடந்து இரண்டுக்கு வந்த அந்தக் கணக்கை எங்கள் நூலகருக்கு விளக்க முயன்று நான் தோற்றுப்போனேன்.

டிஸ்பேஸின் வரலாற்றில் மிகப் பெரிய பிளவு 6-க்கும் 7-க்கும் நடுவே இருக்கிறது. 6.0 வெளிவந்தது 2016 அக்டோபரில், 7.0 வெளிவந்தது 2021 ஆகஸ்டில். ஏறக்குறைய ஐந்தாண்டு இடைவெளிக்குக் காரணம் உண்டு. அதுவரை டிஸ்பேஸுக்கு ஜேஎஸ்பியுஐ, எக்ஸ்எம்எல்யுஐ என்று வாசகர் பார்க்கும் முகப்புகள் இரண்டு இருந்தன. எதை நிறுவுவது என்பதை அந்தந்த நூலகம் தீர்மானித்துக்கொள்ளும். ஒரே வசதியை இரண்டு முகப்பிலும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்ததால் உழைப்பு சிதறியது. 7-ஆம் பதிப்பில் இரண்டையும் தூக்கிவிட்டு, ஆங்குலர் என்ற நிரலாக்கக் கட்டமைப்பில் எழுதிய ஒரே முகப்பும், அதற்குத் தரவை வழங்கும் தனிச் சர்வரும் என்று அடியோடு மாற்றிக் கட்டினார்கள்.

முடிவு சரியானதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் சுமை எங்களைப் போன்ற சிறிய நூலகங்களின் தலையில் விழுந்தது. முன்பு டோம்கேட் ஒன்றைத் தொடங்கினால் முகப்பு, தேடல், எல்லாமே கூட எழுந்து நின்றுவிடும். இப்போது சர்வர் ஒரு பக்கம், சோலர் என்ற தேடுபொறி ஒரு பக்கம், முகப்பை நடத்தும் நோட் ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியே ஓடுகின்றன. ஒன்று படுத்துவிட்டாலும் வாசகருக்குத் தெரிவது வெற்றுத் திரைதான். எங்களிடம் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி. முகப்பைத் தொகுக்கும் வேலை பாதியில் நினைவகம் போதாமல் இரண்டு முறை நின்றது; மூன்றாம் முறை மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொகுத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் எம்சிஏ மாணவர்கள் இருவர் புராஜெக்டாகச் செய்து கொடுத்த வடிவமைப்பு, கல்லூரிச் சின்னம், துறைவாரியான பக்கங்கள் அத்தனையும் பழைய முகப்பின் ஜேஎஸ்பி கோப்புகளில் இருந்தன. அவற்றில் ஒரு வரிகூடப் புதிய பதிப்புக்கு உதவவில்லை.

அந்த மாற்றத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 5-ஆம் பதிப்பிலிருந்தோ அதற்கும் முன்பிருந்தோ டிஸ்பேஸ் வைத்திருக்கும் எவருக்கும் இது நேரலாம். 5-ஆம் பதிப்பு வரை ஒவ்வோர் ஆவணத்துக்கும் தரவுத்தளத்தில் ஒரு சாதாரண எண் இருந்தது. எங்கள் வேதியியல் துறை ஆய்வேடு ஒன்றின் எண் 2417. 6-ஆம் பதிப்பு இந்த எண்களுக்குப் பதிலாக 36 குறியீடுகள் கொண்ட நீண்ட அடையாளத்தைக் கொண்டுவந்தது. வாசகர் பயன்படுத்தும் ஹேண்டில் என்ற நிலையான இணைப்பு மாறவில்லை. ஆகவே வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் எந்த ஆவணத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற புள்ளிவிவரம் தரவுத்தளத்தில் இல்லாமல் சோலரில் தனியாகக் கிடக்கிறது. அங்கே பழைய பதிவுகள் 2417 என்றே சொல்லிக்கொண்டிருக்க, புதிய பதிவுகள் நீண்ட அடையாளத்தைச் சொல்லின. இரண்டையும் இணைக்கத் தனிக் கட்டளை ஒன்று இருக்கிறது. ஆவணத்தில் தெளிவாக எழுதியும் இருக்கிறது. நான் புள்ளிவிவரத்தைப் பழைய சோலரிலிருந்து கோப்புகளாக எடுத்துப் புதிய சோலரில் ஏற்றினேன், எண்ணிக்கை சரியாக இருந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அடையாளங்களை மாற்றும் அந்தக் கட்டளையை ஓட்டவில்லை.

நான்கு மாதம் கழித்து கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்காக அறிக்கை தயாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டதாக முந்தைய அறிக்கையில் நாங்களே எழுதியிருந்த ஆய்வேடு, புதிய தளத்தில் சில பத்துகளைக் காட்டியது. முதல்வர் என்னை அழைத்து, கோபப்படாமல், இரண்டு அறிக்கைகளையும் மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நல்லவேளையாகப் பழைய கணினியை அழிக்காமல் பரணில் வைத்திருந்தோம். ஏற்றிய பதிவுகளை நீக்கிவிட்டு, மறுபடி எடுத்து, ஏற்றி, அந்தக் கட்டளையை ஓட்டினேன். ஓரிரவு முழுதும் ஓடியது. காலையில் 2417 தன் பழைய கணக்கோடு திரும்பி வந்திருந்தது.

கடைசி எண் மட்டும் மாறும் சிறிய வெளியீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை செய்தியாவதில்லை, ஆனால் எனக்கு அவைதான் முதன்மை. 6.3 வெளிவந்தது 2018-இல், 6.4 வெளிவந்தது 2022-இல். இடைப்பட்ட நான்காண்டுகளில் 6-ஆம் பதிப்பு முடிந்துபோன கதை என்று பலரும் கருதிவிட்டதால், பழைய ஜேஎஸ்பி முகப்பில் இருந்த பல பாதுகாப்பு ஓட்டைகளை 6.4 அடைத்தது என்ற சேதி அவர்களை எட்டவேயில்லை. 2023 ஜூலை 1-ஆம் நாளோடு 6-க்கான ஆதரவும் முடிந்தது. கடைசியாக வந்த மூன்று பெரிய பதிப்புகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்பது டிஸ்பேஸின் நடைமுறை, இன்றும் 6.3-இல் நிற்கும் தளங்களை நான் பார்க்கிறேன். "நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். ஓடுகிறது, உண்மைதான்.

பழையது தப்பித்த கதையும் ஒன்று உண்டு; அதை மறைத்தால் நேர்மையாகாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல்தொகுப்பில் பெரிய ஓட்டை தெரியவந்து உலகம் முழுதும் சர்வர் நடத்துபவர்கள் தூக்கத்தைத் தொலைத்தபோது, அப்போதுதான் 7-க்கு மாறியிருந்தவர்கள் ஓடி ஓடித் திருத்த வேண்டியிருந்தது. 6-இல் இருந்தவர்களின் மென்பொருள் அந்த நிரல்தொகுப்பின் முதல் தலைமுறையையே பயன்படுத்திவந்ததால், அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அவர்களுக்கு இல்லை. எங்கள் கல்லூரியும் அன்று 6-இல்தான் இருந்தது. என் சோம்பலை முன்யோசனை என்று சிலர் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை.

2024-இல் வந்த 8-ஆம் பதிப்பில் வெளியே தெரியும் மாற்றங்கள் குறைவு, அடித்தளத்தில் மாற்றம் அதிகம். ஜாவா 17 கட்டாயமாயிற்று; டோம்கேட் 9 போதாமல் 10.1 தேவைப்பட்டது. ஜாவா உலகில் நெடுங்காலமாக ஜாவெக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியதன் விளைவு இது. பழைய டோம்கேட்டில் புதிய டிஸ்பேஸை வைத்தால் எழுந்திருக்கவே செய்யாது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கான ஆதரவும் அதற்கு முன்பே போயிருந்தது. போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் எங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. முகப்பில் ஆங்குலர் 17 வந்ததோடு கூறுகளை எழுதும் முறையும் மாறியதால், 7-இல் சொந்தமாக வடிவமைப்புச் செய்தவர்கள் மறுபடி கை வைக்க வேண்டியதாயிற்று. முன்பு பட்டது நினைவிருந்ததால் 7-இல் நான் நிறத்தையும் சின்னத்தையும் தவிர எதையும் தொடவில்லை. அந்த ஒரு கட்டுப்பாடு இந்த முறை எனக்கு இரண்டு வார வேலையை மிச்சப்படுத்தியது.

9-ஆம் பதிப்பு 2025-இல் வந்தது. அதே ஆண்டில் 7, 8 ஆகியவற்றுக்கு வந்த திருத்த வெளியீடுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, செயற்கை நுண்ணறிவுக்காகத் தளங்களை மேயும் நிரல்களின் தொல்லையைக் குறைக்கும் மாற்றம். டிஸ்பேஸின் புதிய முகப்பு, தேடுபொறிகளுக்கு வசதியாகப் பக்கங்களைச் சர்வரிலேயே முன்கூட்டித் தயாரித்துத் தரும். மனிதர் வந்தால் அது தாங்கும். நொடிக்குப் பல முறை, தேடல் பக்கத்தின் ஒவ்வொரு வடிகட்டியையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு நிரல்கள் வந்தால் நோட் மூச்சுத்திணறிவிடும். தேர்வு நேரத்தில், மாணவர்கள் வினாத்தாள் தேடும் அதே வாரத்தில், எங்கள் தளம் நாளுக்கு இருமுறை விழுந்தது. புதிய திருத்தத்தில் முகப்புப் பக்கம், ஆவணப் பக்கம், தொகுப்புப் பக்கம் போன்றவற்றை மட்டும் சர்வர் முன்கூட்டித் தயாரிக்கும். தேடல் பக்கத்தை வாசகரின் உலாவியே தயாரித்துக்கொள்ளும். வெளியீட்டுக் குறிப்பில் சில வரிகள்தான் அது. அந்த வரிகளுக்காகவே அன்று மாலையே மேம்படுத்தினேன்.

எந்தப் பதிப்பானாலும் தமிழுக்கென்று நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சோதனைக் கணினியில் நிறுவியதும் இரண்டு சொற்களைத் தேடி, தலைப்பு வரிசையையும் பார்ப்பேன். முதலாவது "தொழில்". இதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய மீத்தரவில், அதாவது ஆவணத்தின் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களில், இரண்டாவது வகை நிறைய உண்டு. தேடல் அமைப்பு இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தால் எல்லா ஆவணமும் வரும், இல்லாவிட்டால் பாதிதான். இரண்டாவது "மௌனம்". இதை ஔகாரக் குறியோடு எழுதாமல், கொம்புக்குப் பின் ளகரம் போட்டு "மெளனம்" என்று உள்ளிட்டவர்கள் பலர். இதை எந்தப் பதிப்பும் சரிசெய்யாது. கணினிக்கு அது முற்றிலும் வேறொரு சொல். மீத்தரவை மொத்தமாக ஏற்றுமதி செய்து, திருத்தி, திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை. சென்ற கோடை விடுமுறையில் அதைத்தான் செய்தோம்.

மூன்றாவது சோதனை தலைப்பு வரிசை. எங்கள் தளத்தில் தலைப்புகள் யூனிகோடின் எண்வரிசைப்படி அடுக்கப்படுகின்றன. அதில் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன. அதனால் "நளினம்" என்று தொடங்கும் தலைப்பு முதலிலும் "நவதானியம்" என்று தொடங்குவது பிறகும் வரும். அகராதி பழகிய கண்ணுக்கு அது உறுத்தும். எங்கள் நூலகர் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். சோதனைக் கணினியில் 9 ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அவர் வந்து தலைப்புப் பட்டியலைத் திறந்தார், நகரத்துக்குப் போனார், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நளினம்தான் இன்னும் முன்னாடி நிக்குது தம்பி" என்றார்.

புள்ளிவிவரக் கோப்புகளை எடுத்து வைத்திருக்கிறேன். பழைய கணினிக்குப் பரணில் இடமும் ஒதுக்கியாயிற்று. பருவத் தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறோம்.